கரி கேஸ் பஸ்ஸும் எஞ்சின் டைமிங்கும்

பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பது உள்ளே என்ன எரிகிறது என்பதைப் பொறுத்தது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குச் சற்று முன்பே பொறி விழுந்தாக வேண்டும். கலவை முழுதும் எரிய நேரம் பிடிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லி நொடியில் 12 டிகிரி திரும்பிவிடும். பெட்ரோல் கலவையில் பொறி விழுந்து அழுத்தம் உச்சத்துக்கு வர இரண்டு மூன்று மில்லி நொடி ஆகும். அந்த உச்சம், பிஸ்டன் மேல்முனையைத் தாண்டி ஏறத்தாழ 15 டிகிரி இறங்கிய நிலையில் கிடைத்தால்தான் இழுவை முழுதாக வரும். முந்தினால் ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனையே எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். பிந்தினால் பாதி வெப்பம் சைலன்சர் வழியே வீணாக வெளியேறும். பட்டறைகளில் இதற்கு டைமிங் என்று பெயர். பொறியை முன்கூட்டி விழவைப்பது அட்வான்ஸ், தள்ளி விழவைப்பது ரிட்டார்ட்.

ஒரு கார் எஞ்சினை வேறு வேலைக்கோ வேறு எரிபொருளுக்கோ மாற்றும்போதெல்லாம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். திருநெல்வேலி வட்டாரத்தில் அப்படியொரு மாற்றம் பரவலாக நடந்தது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில். பெட்ரோலுக்கென்று அமெரிக்காவில் செய்யப்பட்ட எஞ்சின்கள் இங்கே அடுப்புக்கரி தந்த வாயுவில் ஓடின. அந்த பஸ்களைப் பற்றி இன்றுவரை சொல்லப்படுவதெல்லாம் பின்னால் தொங்கிய இரும்பு உருளையும் புகையும் கரியும்தான். எஞ்சினுக்குள் நடந்த மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. உருளையை யாரும் மாட்டிவிடலாம். வண்டி ஏற்றத்தில் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானித்தது, தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் திருப்பிய சில டிகிரிகள்.

தொடக்க கால மோட்டார்களில் டைமிங்கை ஓட்டுபவரே கையால் வைத்துக்கொண்டார். 1908-ல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங் சக்கரத்துக்கு அடியில் இரண்டு கோல்கள் இருந்தன. வலப்பக்கக் கோல் வேகத்துக்கு, இடப்பக்கக் கோல் தீப்பொறிக்கு. முன்னால் கம்பி போட்டுச் சுற்றும்போது இடக்கோலை மேலே தள்ளிப் பொறியைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். எஞ்சின் பிடித்ததும் கோலை மெல்ல இறக்கி அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். இதற்கு முன்பே, 1902-ல், ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியிருந்தார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட முறையை 1910-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். 1930-களில் அந்த முறையே பரவலாயிற்று. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் சிறு எடைகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து அட்வான்ஸைத் தாமாகவே கூட்டின. ஸ்டியரிங்கிலிருந்து கோல் மறைந்தது. ஓட்டுநரின் கையிலிருந்த வேலை மெக்கானிக்கின் கைக்குப் போயிற்று.

திருநெல்வேலிக்கு மோட்டார் வந்தபோது இங்கே ரயில் ஏற்கெனவே நிலைத்திருந்தது. மணியாச்சியிலிருந்து வந்த பாதை 1876-லேயே நெல்லையைத் தொட்டது. மேற்கே கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை வரையிலான பாதை 1902, 1903 ஆண்டுகளில் அமைந்து, அடுத்த ஆண்டு மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. கிழக்கே திருச்செந்தூருக்கு 1923-ல் ரயில் வந்தது. ஆக, தாமிரபரணிக் கரையோரத்து ஊர்களில் பெரும்பாலானவை ரயிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. தெற்குப் பக்கம் நிலைமை வேறு. நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் பாதை 1981 வரை கிடையாது. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, ஆரல்வாய்மொழிக் கணவாய் என்று போகும் அந்தச் சாலைக்குக் கட்டைவண்டியை விட்டால் மோட்டார்தான் கதி. திசையன்விளை, இராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்களுக்கும் அப்படியே. பெட்ரோல் நின்றால் முதலில் அடிபடக்கூடிய பகுதி இதுதான்.

சாலையில் ஓடிய வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்க வார்ப்பு. ஃபோர்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை 1926-ல் தொடங்கி, பின்னர் சென்னையிலும் வண்டிகளைப் பூட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் ஷெவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. எஞ்சினோடு கூடிய அடிச்சட்டத்தை வாங்கி, உள்ளூர் ஆசாரிமார் கையால் மரக்கூடு கட்டி பஸ்ஸாக்குவதே அக்கால வழக்கம்.

தென்மாவட்ட மோட்டார்த் தொழிலின் பெரும்பெயரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் இதே மாவட்டத்துக்காரர். மகேந்திரகிரி மலையடிவாரத் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே உத்தியோகம், வங்கி வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார், 1912-ல் பஸ் ஓட்டத்தில் இறங்கினார். மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.வி.எஸ். பஸ் ஓட்டுவதோடு நிற்காமல் வண்டி விற்பனை, உதிரிபாகம், பழுதுபார்ப்பு, டயர் புதுப்பிப்பு என்று விரிந்தது. போர் வந்தபோது அந்தப் பட்டறை அனுபவம் கைகொடுத்தது.

இந்தியாவுக்கான பெட்ரோலில் கணிசமான பங்கு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1941-லேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. ஏப்ரலில் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகளை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, பின்வாங்கிய ஆங்கிலேயரே தகர்த்தனர். எஞ்சிய பெட்ரோலில் படைக்கே முதலிடம். நெல்லைக்கு வடக்கே கயத்தாற்றில் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று உருவானதும் இந்தக் காலத்தில்தான். வானத்துக்குப் போன பெட்ரோல் சாலைக்கு வரவில்லை. சென்னை மாகாணத்துத் தனியார் பஸ்கள் கரிக்கு மாறின. அந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் வடிவமைத்துச் செய்ததே டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்.

கரியிலிருந்து வாயு எடுப்பது அப்போது கண்டுபிடித்த வித்தை அல்ல. சென்னை மாகாணத்தில் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரிசி ஆலைகள் சிலவற்றில் கரி கேஸ் எஞ்சின்கள் ஓடின. ஆனால் அவை நகராத எஞ்சின்கள், மெதுவாக, ஒரே வேகத்தில் சுற்றுபவை. பிறக்கும்போதே அந்த வாயுவுக்கென்று பொறி வைக்கப்பட்டவை. ஓடும் வண்டியிலேயே இத்தகைய வாயுவை உண்டாக்கும் கலனை 1920-களில் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ஆம்பேர் செம்மைப்படுத்தினார். போர் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் வண்டிகள் இப்படி ஓடின. சுவீடனில் எழுபதாயிரத்துக்கு மேல். ஐரோப்பியர் பெரும்பாலும் விறகுத் துண்டுகளைப் போட்டார்கள். இங்கே அடுப்புக்கரி. விறகில் தார் அதிகம். அதை வடிகட்டக் கலன் நுட்பமாக இருக்க வேண்டும். கரியில் தார் முன்பே எரிந்து போயிருக்கும், எனவே எளிய கலன் போதும். நெல்லைச் சீமையின் கிழக்கிலும் தெற்கிலும் உடைமரத்துக்கும் கருவேலத்துக்கும் பஞ்சமில்லை. மண்ணைப் போட்டு மூடி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் தொழிலும் பழையது. பெட்ரோல் ஒரு லிட்டர் செய்யும் வேலைக்குக் கரி ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரை பிடித்தது.

கலன் பஸ்ஸின் பின்புறம் பொருத்தப்பட்டது. மேலே மூடியைத் திறந்து கரியைக் கொட்டி, கீழே தீயிட்டு, கைவிசிறியைச் சுழற்றிக் காற்று ஊத வேண்டும். புறப்படுவதற்கு முன் கிளீனர் விசிறியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு நிற்பது பஸ் நிலையங்களின் வாடிக்கைக் காட்சி. உள்ளே கரி ஆயிரம் டிகிரிக்கு மேல் கனன்றதும், எரிந்து உண்டான கார்பன் டை ஆக்ஸைடு மேலும் கனல்கரியினூடே போய்க் கார்பன் மோனாக்ஸைடாக மாறும். கரியிலும் காற்றிலும் உள்ள ஈரத்திலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனும் பிறக்கும். இந்த இரண்டும்தான் எரிபவை. வாயுவில் ஏறத்தாழ பாதி, காற்றோடு வந்த நைட்ரஜன். அது எதற்கும் உதவாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு விசிறி வேண்டியதில்லை. பிஸ்டனின் உறிஞ்சலே கனலினூடே காற்றை இழுத்துக்கொள்ளும். வாயு சாம்பல் தொட்டியில் தூசைக் கழித்து, குளிர்விக்கும் குழாய்களையும் வடிகட்டியையும் கடந்து, கார்புரேட்டரை ஒட்டிய கலப்பு வால்வுக்கு வந்து சேரும். பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளோடு எடைக்கணக்கில் பதினைந்து பங்கு காற்று சேர்ந்தால், கரி வாயுவுக்கு ஏறத்தாழ சமபங்கு காற்றே போதும்.

இந்த மாற்றத்துக்குக் கொடுத்த விலை பெரிது. மாற்றம் எதுவும் செய்யாத பெட்ரோல் எஞ்சினில் கரி வாயுவை விட்டால் திறனில் 40 முதல் 50 சதவீதம் வரை போய்விடும். காரணங்கள் இரண்டு. காற்றும் வாயுவும் கலந்த கலவையில், அதே கொள்ளளவுக்கு, பெட்ரோல் கலவையில் உள்ள வெப்பத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மீதி இழப்பு கலனையும் குழாய்களையும் தாண்டிச் சூடாக வரும் வாயுவைச் சிலிண்டர் முழுதாக உறிஞ்ச முடியாததால் வருவது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேரும். அதைத் தவிர்ப்பது மெக்கானிக் கையில் இருந்தது. நைட்ரஜன் பாதியாக நிறைந்த கலவையில் தீ மெதுவாகப் பரவும். பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கிலேயே விட்டால், பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் குழாய் பழுக்கும், இழுவை இருக்காது. ஆகவே பொறியை பெட்ரோலுக்கு உள்ளதைவிட 10 முதல் 15 டிகிரி வரை முன்னுக்குத் தள்ள வேண்டும். எஞ்சினையும் வேகத்தையும் பொறுத்து மொத்த அட்வான்ஸ் 35, 40 டிகிரியை எட்டும்.

சொல்ல எளிது, செய்வது வண்டிக்கு வண்டி மாறும். 1937 முதல் வந்த ஷெவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சின், 216 கன அங்குலக் கொள்ளளவு, 85 குதிரைத்திறன், ஆறேகாலுக்கு ஒன்று கம்ப்ரஷன் கொண்டது. மாற்றுவோருக்கு இது தோதானது. இதன் ஃபிளைவீலில் சிறு எஃகு உருண்டை ஒன்று பதித்திருக்கும். கவசத்தில் உள்ள ஜன்னல் வழியே அந்த உருண்டை முள்ளுக்கு நேரே வரும்போது பாயிண்ட் திறந்தால் டைமிங் சரி. டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்திக் கையால் திருப்பினால் போதும். அதன் அடியில் ஆக்டேன் செலக்டர் என்ற அளவுகோல் வேறு இருந்தது. பெட்ரோலின் தரத்துக்கு ஏற்பச் சில டிகிரிகளை முன்பின் நகர்த்துவதற்காக வைத்தது. ஃபோர்டு வி-8 எஞ்சினில் அப்படி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில், விசிறிக்குக் கீழே, நேரே கேம் ஷாஃப்டில் பூட்டியிருக்கும். கழற்றி எடுத்துத் தனி மேடையில் வைத்துத்தான் இரட்டைப் பாயிண்டையும் சரிசெய்ய வேண்டும். திருப்புவதற்கான இடமும் சொற்பம். ஃபோர்டைக் கரிக்கு மாற்றிய பட்டறை கூடுதலாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பெட்ரோல் எஞ்சினில் டைமிங் வைப்பவருக்குக் காதுதான் அளவுகோல். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்துக் காற்றின் தள்ளுதலைப் பார்த்து, பாயிண்டுகளுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி அது எப்போது விடுபடுகிறது என்று பார்த்துத் தோராயமாக வைப்பார்கள். அதன் பிறகு ஓட்டம். ஒரு ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்து, எஞ்சின் சலசலவென்று தட்டுகிறதா என்று கேட்பார்கள். அந்தத் தட்டல்தான் நாக்கிங். லேசாகத் தட்டி உடனே அடங்கினால் டைமிங் கச்சிதம்; தொடர்ந்து தட்டினால் அட்வான்ஸ் அதிகம், ஒரு நூலளவு பின்னுக்குத் திருப்ப வேண்டும். கரி வாயுவின் ஆக்டேன் மதிப்பு, அதாவது தட்டாமல் தாங்கும் அளவு, நூறைத் தாண்டும். எவ்வளவு முன்னுக்குத் தள்ளினாலும் அது தட்டவே தட்டாது. அட்வான்ஸ் அளவு மீறினால் எஞ்சின் ஒலியெழுப்பாமல் இழுவையை மட்டும் இழக்கும். முரட்டுத்தனமாக ஓடும், ரேடியேட்டர் கொதிக்கும், கம்பி போட்டுச் சுற்றும்போது உதைக்கும். காதால் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஒரே சாலையில், ஒரே சுமையில், ஒரே மேட்டில் திரும்பத் திரும்ப ஏற்றி, எந்த நிலையில் வேகம் கடைசியாகத் தளர்கிறது என்று பார்ப்பது ஒன்றே வழி. நூல் நூலாகப் பார்த்து வைக்கும் இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். வாயுவின் தரமோ கரியின் ஈரத்தோடும் சாம்பலின் அடைப்போடும் மணிக்கு மணி மாறிக்கொண்டிருந்தது. காலையில் கண்ட டைமிங் மாலையில் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு தொல்லை, பஸ்களில் பெட்ரோல் முழுதாக ஒழிந்துவிடவில்லை என்பது. ரேஷனில் கிடைக்கும் கொஞ்சத்தைக் காலையில் எஞ்சினைப் பிடிக்கவைக்கவும், மேட்டில் கைகொடுக்கவும் வைத்திருந்தார்கள். கரிக்கு வைத்த டைமிங்கில் பெட்ரோல் விட்டால் எஞ்சின் கடுமையாகத் தட்டும். தொடர்ந்தால் பிஸ்டன் பொத்துப்போகும். பெட்ரோலுக்கு வைத்தால் கரியில் இழுக்காது. செலக்டர் உள்ள வண்டியில் மாற்றிக்கொள்ள ஓரளவு வழி உண்டு. மற்றவற்றில் இரண்டுக்கும் நடுவே ஒன்றை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் சாலைகள் சேரன்மகாதேவியிலிருந்து விக்கிரமசிங்கபுரம் வரை பெரும்பாலும் சமதளம். கரி வண்டிக்கு அது வரப்பிரசாதம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு ஏற்றம் மாதிரியான மலைச்சாலைகளில்தான் அதன் பலவீனம் வெளிப்பட்டது.

திறனைக் கொஞ்சமாவது மீட்க இன்னொரு வழியும் இருந்தது. தட்டாத எரிபொருள் என்பதால் சிலிண்டர் ஹெட்டைச் சீவி, கம்ப்ரஷனைக் கூட்டலாம். கம்ப்ரஷன் கூடினால் கலவை அடர்ந்து தீ விரைவாகப் பரவும்; அப்போது அட்வான்ஸைச் சற்றுக் குறைக்க வேண்டும். ஆனால் சீவிய ஹெட்டை மீண்டும் பழையபடி ஆக்க முடியாது. போர் எப்போது முடியும், பெட்ரோல் எப்போது திரும்பும் என்று தெரியாத நிலையில் வண்டிக்காரர்கள் இதற்குத் தயங்கியதில் வியப்பில்லை. சாம்பல் தூசு பிஸ்டனைத் தேய்த்ததால் சிலிண்டர் போரிங்கும் ரிங் மாற்றுவதும் அடிக்கடி வந்தன. மூடிய கொட்டகையில் கலனைப் பற்றவைப்பது ஆபத்து. நச்சான கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால், திருவிதாங்கூரில், கதை வேறுவிதமாக இருந்தது. அங்கே மன்னர் அரசு 1938 பிப்ரவரி 20 அன்று அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட இ.ஜி. சால்ட்டர் அதை நடத்தினார். முதலில் இறங்கியவை கோமர் அடிச்சட்டத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய 60 பஸ்கள். டீசலில் தீப்பொறியே கிடையாது. நெருக்கியதால் சூடேறிய காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றும். டீசல் எஞ்சினைக் கரி வாயுவில் தனியாக ஓட்டவும் முடியாது, பற்றவைக்கக் கொஞ்சமேனும் டீசல் வேண்டும். ஒரே சாலையின் இரு முனைகளிலும் இரண்டு வேறு எஞ்சின் மரபுகள் இருந்தன. இறுதியில் வென்றது தெற்கிலிருந்ததுதான்.

போர் முடிந்து பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும் கலன்கள் கழற்றி எறியப்பட்டன. கரி வண்டியை விரும்பி ஓட்டியவர் யாருமில்லை. 1954-ல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. 1955-ல் எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனது. அடுத்த பதினைந்தாண்டுகளில் பஸ் என்றால் டீசல் என்றாகிவிட்டது. டீசலிலும் டைமிங் உண்டு. அது பீய்ச்சும் பம்பில் வைப்பது. 1972-ல் தனியார் பஸ்கள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதிலிருந்து 1974-ல் நெல்லைக்குக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிரிந்தது. அதற்குள் பெட்ரோல் பஸ் பழங்கதை.

தீப்பொறி எஞ்சினை வேறு எரிபொருளுக்கு மாற்றும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை, திசைதான் மாறியது. கரி வாயு மெதுவாக எரியும், தட்டாது. மண்ணெண்ணெய் அதற்கு நேர்மாறு. அதன் ஆக்டேன் மதிப்பு மிகக் குறைவு. கொஞ்சம் முந்தினாலும் எஞ்சின் படபடவென்று தட்டும். அதனால் பொறியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டும். பெட்ரோலில் பிடித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும் சிறு பம்புசெட்டுகள் இப்படியே வடிவமைக்கப்பட்டவை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் பாயும் நன்செய்ப் பகுதிக்கு இந்த எஞ்சின் அவ்வளவாகத் தேவைப்படவில்லை, தண்ணீர் தானாகவே வந்தது. கிணற்றை நம்பிய வானம்பார்த்த பூமியில்தான் அது சத்தம் போட்டது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் இயங்கத் தொடங்கிய பின் மின்மோட்டார் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. கடற்கரையில் மட்டும் மண்ணெண்ணெய் வெளிப்பொருத்து எஞ்சின்கள் இன்றும் வள்ளங்களைத் தள்ளுகின்றன. கார், டாக்சிகளில் பெட்ரோலோடு மண்ணெண்ணெய் கலந்து விட்டவர்களும் இதே ரிட்டார்ட் வித்தையைத்தான் செய்தார்கள். தட்டல் அடங்கும், கூடவே இழுவையும் போகும், வால்வு கருகும். லாபம் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த வால்வைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கார் எஞ்சினை விமானத்துக்கு மாற்றுவது இந்த வரிசையில் மூன்றாவது வகை. இங்கே எரிபொருள் மாறுவதில்லை, சுமை மாறுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மிகப் பழைய தொடர்புண்டு. சென்னையில் ஹோட்டல் நடத்திய கோர்சிக்கரான ஜாக்கோமோ டி'ஆஞ்செலிஸ் தாமே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் நிறுவனத்தைக் கொண்டு செய்யவைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சிறு திறன் எஞ்சின் ஒன்று பூட்டிய வண்டிப்பட்டறை விமானம் அது. கார் எஞ்சினில் வீட்டிலேயே விமானம் கட்டும் பழக்கத்தை உலகுக்குப் பரப்பியவர் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த பெர்னார்ட் பீட்டன்போல். ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினைப் பூட்டிய அவரது ஏர் கேம்பர் 1929-ல் பறந்தது. பிறகு ஃபோக்ஸ்வேகன் வண்டு காரின் காற்றால் குளிரும் எஞ்சின் பெரிதும் விரும்பப்பட்டது.

பஸ் எஞ்சின் ஓய்விலிருந்து முழுவேகம் வரை ஓயாமல் ஏறி இறங்கும். அதற்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் எடைகள். உந்துவிசிறி பூட்டிய விமான எஞ்சின் புறப்பட்ட பிறகு குறுகிய வேக எல்லைக்குள், முழுச்சுமைக்கு அருகிலேயே மணிக்கணக்கில் ஓடுகிறது. எனவே லைகோமிங் போன்ற சிறு விமான எஞ்சின்களில் டைமிங் ஒரே நிலையில், பெரும்பாலும் 25 டிகிரியில், நிலையாக வைக்கப்படுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒவ்வொன்றுக்கும் தனி மேக்னெட்டோ. ஒன்று நின்றாலும் எஞ்சின் நிற்காது என்பது ஒரு காரணம். தீ இரு பக்கமிருந்தும் பரவுவதால் எரியும் நேரம் குறைகிறது என்பது இன்னொன்று. ஒற்றை பிளக் கொண்ட கார் எஞ்சினுக்கு முழு அட்வான்ஸ் ஏறத்தாழ 30 டிகிரி தேவைப்படும் இடத்தில் இங்கே அதைவிடக் குறைவாகப் போதுமானதாகிறது. மாற்றியமைக்கப்படும் கார் எஞ்சினில் வாகன டிஸ்ட்ரிபியூட்டரையே வைத்துக்கொள்வோர் அதன் வேகூம் அட்வான்ஸைக் கழற்றிவிடுவது வழக்கம். பாதி மிதித்த ஆக்ஸிலரேட்டரில் மைலேஜைக் கூட்ட வைத்த அது, முழுத் திறனில் ஓடும் விமானத்தில் வேலையற்றது. தரையில் டைமிங் ஓரிரு டிகிரி முந்தினால் தட்டும், ஓட்டுநர் காலை எடுத்துவிடுவார். விமானம் மேலெழும்போது காலை எடுக்க முடியாது. காற்றின் இரைச்சலில் தட்டலும் கேட்காது. எனவே பாதுகாப்புக்காகச் சற்றுப் பின்னுக்கு வைப்பதே நல்ல கட்டுநர்களின் வழக்கம்.

சாலையில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் பல ஆண்டுகள் நீடித்தது. 1961-ல் டி.வி.எஸ். நிறுவனம் இங்கிலாந்தின் லூகாஸோடு சேர்ந்து சென்னைப் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொழிற்சாலையைத் தொடங்கி, ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் முதலியவற்றை இங்கேயே செய்யலாயிற்று. கரி வாயுக் கலன் செய்த குடும்பமே பொறி தரும் கருவியையும் செய்தது. அம்பாஸடர், பிரிமியர் பத்மினி கார்களின் பாயிண்டைத் தேய்த்துச் சரிசெய்து, பிடியைத் தளர்த்தி ஒரு நூலளவு திருப்பி, மேட்டில் ஏற்றிக் கேட்பது 1990-கள் வரை எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அன்றாட வேலை. பெட்ரோலைக் கணினி பீய்ச்சும் எஞ்சின்கள் வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்தது. சிலிண்டர் சுவரில் பதித்த நாக் சென்சார் தட்டலைக் கேட்டு, பொறியைச் சிலிண்டருக்குச் சிலிண்டர் நொடிதோறும் நகர்த்துகிறது.

எரிபொருள் மாறினால் டைமிங் மாற வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது. 2000-த்துக்குப் பிறகு கார்களில் எல்.பி.ஜி.யும் சி.என்.ஜி.யும் பரவலாயின. இயற்கை எரிவாயுவும், கரி வாயு அளவுக்கு இல்லாவிட்டாலும், பெட்ரோலைவிட மெதுவாக எரிகிறது. ஆக்டேன் மதிப்பும் அதிகம். பெட்ரோலுக்கு எழுதிய கணினிக் குறிப்பில் அதை ஓட்டினால் இழுவை தளர்கிறது. அதற்காக மாற்றுக் கிட்டோடு டைமிங் அட்வான்ஸ் பிராசஸர் என்ற சிறு பெட்டி பொருத்தப்படுகிறது. கிராங்க் சென்சாரின் சைகையை இடைமறித்து, கேஸில் ஓடும்போது மட்டும் பொறியைச் சில டிகிரி முன்னுக்குத் தள்ளி, பெட்ரோலுக்கு மாறியதும் தானே விலகிக்கொள்வது அதன் வேலை. தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பூட்டி வரும் கார்களில் கணினிக்குள் இரு எரிபொருளுக்கும் தனித்தனி டைமிங் எழுதப்பட்டிருக்கிறது.